ரொட்டிக்காரரின் ஹேண்ட்பிரேக்

ரொட்டிக்காரரை எதைச் சொல்லி வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். வழுக்கையைச் சொல்லலாம், குறட்டையைச் சொல்லலாம், குளிக்கும்போது அவர் பாடுகிற பாட்டுக்குத் தெரு நாய்கள் எழுந்து இடம் மாறிப் படுப்பதைச் சொல்லலாம். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். ஹேண்ட்பிரேக்கைப் பற்றி மட்டும் அவரிடம் வாயைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அன்றைய பொழுது அதோடு போயிற்று.

அவர் ரொட்டி சுட்டவரும் இல்லை, விற்றவரும் இல்லை. ரொட்டிக் கம்பெனியின் வேனை ஓட்டியவர். ஊரோ ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கிற ஊர். விடிவதற்குள் சூடான ட்ரேக்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், ஒரு கடை வாசலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் லீவரை இழுத்து, குதித்து இறங்கி, ட்ரேயை வைத்துவிட்டு ஓடி வந்து ஏறி, லீவரை இறக்கி, அடுத்த கடை. நாள் முழுக்க இதே பிழைப்பு. லீவர் பட்டுப் பட்டு அவருடைய உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. கல்யாணமான புதிதில் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, இவ்வளவு கெட்டியா இருக்கு?" என்று மனைவி கேட்டாளாம். "அதுவா, அது ஹேண்ட்பிரேக்கு" என்றாராம் பெருமை பொங்க. வேறு ஏதாவது இனிப்பாகச் சொல்வார் என்று காத்திருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில் ஜன்னலை ஒட்டி மெஷின் போட்டுச் சட்டை, பள்ளிக்கூட யூனிஃபார்ம், திரைச்சீலை எல்லாம் தைத்துக் கொடுப்பாள். அவளுக்கு அவர் வைத்த பெயர் ஊசி. தொழிலுக்காக வைத்தேன் என்று அவர் சொல்வார். இல்லை, அவள் வாய்க்காகத்தான் வைத்தார் என்பது தெருவுக்கே தெரியும்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ரொட்டிக்காரர் ஒரு பழைய காரை வாங்கினார். சாம்பல் நிறம், பின் சீட்டில் ஒரு கிழிசல். கிழிசலை அவள் தைத்தாள். மற்றதை எல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். வீட்டில் வண்டி நிறுத்த இடம் கிடையாது. தெரு சரிவாக இறங்கிக் கீழே ஒரு முச்சந்தியில் போய் முட்டும். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கேதான் கூட்டமாக நிற்பார்கள். அந்தச் சரிவில், வீட்டுச் சுவரோரமாக, மூக்கைப் பள்ளத்துப் பக்கம் வைத்துக் கார் நின்றது. இறக்கத்தைப் பார்த்து நிற்கிற வண்டியாதலால் ரிவர்ஸ் கியரில் விடுவார், முன் சக்கரத்தைச் சுவர்ப் பக்கம் ஒடித்து வைப்பார், பிறகு ஹேண்ட்பிரேக்கை இழுப்பார். அவ்வளவும் செய்துவிட்டு அவர் உள்ளே வந்ததும், அவள் வெளியே போவாள். முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு கருங்கல்லைச் சொருகிவிட்டு வருவாள்.

"என் பிரேக்கு மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"உங்க பிரேக்கு மேல நம்பிக்கை இருக்கு. அந்தப் பள்ளத்து மேலதான் இல்ல."

"ஊரு பூரா இந்தக் கையால நிறுத்தியிருக்கேன்டி. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வண்டி நகந்திருக்கா?"

"நகராத வண்டிக்குக் கல்லு வச்சா கல்லுக்கு வலிக்கப் போகுதா? நீங்க தூங்குங்க. எனக்குக் கல்லு இருந்தாத்தான் தூக்கம் வரும்."

காலையில் எழுந்ததும் அவர் செய்கிற முதல் காரியம், அந்தக் கல்லைக் காலால் எத்திச் சுவரோரம் தள்ளுவது. மாலையில் அவள் மறுபடி வைப்பாள். வீட்டில் எத்தனையோ சண்டைகள் வந்து போயின. இது மட்டும் போகவே இல்லை. மகளுக்கு இந்தச் சண்டை தாலாட்டு மாதிரி. இதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்து, படித்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். அங்கிருந்து போன் பேசும்போதும், "கல்லு வச்சாச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஹேண்ட்பிரேக் நாள். முதலில் வண்டியைத் தெருவின் மேல்முனைக்குக் கொண்டுபோவார். அங்கே பூட்டிக் கிடக்கும் கிடங்குக்கு முன்னால் கொஞ்சம் சமதளம் உண்டு. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, லீவரை இறக்கிவிட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பார். சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும். பிறகு லீவரை மெல்ல இழுப்பார். கடக், கடக், கடக் என்று அது ஏறுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார். ஐந்தாவது கடக்கில் சக்கரம் அசையாமல் நிற்க வேண்டும். மூன்றிலேயே நின்றால் கேபிள் இறுகிப் போயிருக்கிறது, ஓடும்போது உரசிச் சூடாகும். எட்டுக்குப் போனால் தொய்ந்துவிட்டது, சரிவில் நம்ப முடியாது. லீவருக்கு அடியில் உள்ள உறையைக் கழற்றினால் ஒரு கம்பியும் அதில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நட்டும் தெரியும். மேல் நட்டைத் தளர்த்தி, கீழ் நட்டைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கால் சுற்றோ அரைச் சுற்றோ திருகி, மறுபடி இழுத்துக் கேட்பார். ஐந்துக்கு வந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். மழைக்காலத்தில் வண்டியை எடுக்காமல் கிடந்தால் சக்கரத்துக்குள் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும் என்று, நாளுக்கு ஒரு தரம் குடை பிடித்துக்கொண்டு போய் லீவரை இறக்கி ஏற்றிவிட்டு வருவார். பெண்டாட்டிக்கு ஒரு நாள் குடை பிடித்திருப்பாரா அந்த மனிதர்!

"கால் பிரேக்கு ஓடுற வண்டிக்கு. ஓடுற வண்டிய எவனும் பாத்துக்குவான். நிக்கிற வண்டியத்தான் ஒருத்தனும் பாக்கறதில்ல" என்பார். இதைச் சொல்லாமல் எந்த ஞாயிற்றுக்கிழமையும் முடிந்ததில்லை.

அவருக்கு மறதி வந்தது எப்போது என்று அவளால் சொல்ல முடியவில்லை. முதலில் சாமான் வாங்கப் போய்க் கடை வாசலில் நின்று யோசித்தார். பிறகு டீ குடித்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே டீ கேட்டார். அவள் சிரித்தாள். வயதாகிறது, எல்லாருக்கும் வருவதுதானே என்று இருந்தாள். ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவர், குளித்ததை மறந்து மறுபடி குளிக்கப் போனபோது அவள் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் பார்த்தார், படம் எடுத்தார். இது மறதி நோய், போகப் போகக் கூடும், குறையாது என்று தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னால் மட்டும் இடி மெதுவாகவா விழும்?

அவருக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. தினமும் காலையில் ஸ்பேனரோடு போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். வண்டியை மேல்முனைக்கு எடுத்துப் போவது, ஜாக்கியில் தூக்குவது எல்லாம் மறந்து போயிற்று. லீவரும் நட்டும் மட்டும் மிஞ்சின. லீவரை இழுப்பார். கடக், கடக். நடுவில் எண்ணிக்கை தவறிவிடும். மறுபடி முதலிலிருந்து இழுப்பார். மறுபடி தவறும். எதற்கும் இருக்கட்டும் என்று நட்டை ஓர் அரைச் சுற்று திருகிவிட்டுத் திருப்தியோடு எழுந்து வருவார். நேற்றும் திருகினோம் என்பது நினைவில் இருந்தால்தானே?

மாதாமாதம் அவர்களை அந்தக் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர் ஒரு மெக்கானிக். கம்பெனி வேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ரொட்டிக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். அந்த மாதம் பாதி வழியில் கருகல் வாசனை வந்தது. வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தார். பின் சக்கரத்தின் அருகே கையை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அங்கே அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, ரொட்டிக்காரர் உள்ளே போன பிறகு, தையல்காரியிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"அண்ணி, கேபிளை இழுத்து இழுத்து அண்ணன் முறுக்கி வச்சிருக்காரு. இப்படியே போனா பிரேக் லைனிங் தீஞ்சிடும், இல்ல கேபிள் அந்துடும். ஸ்பேனரை எடுத்து ஒளிச்சு வச்சிருங்க."

"அவரு கையா அண்ணே இப்படிப் பண்ணுச்சு?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கே மனசு கேக்கல, அண்ணி" என்றார். அன்றைக்கே பேட்டரி ஒயரையும் கழற்றிவிட்டுப் போனார். ரொட்டிக்காரர் தானாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடக் கூடாதே என்றுதான்.

அவள் ஸ்பேனரைத் துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்தாள். அதற்கு அவள் பட்ட பாடு! மறுநாள் ரொட்டிக்காரர் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். அலமாரி, கட்டிலடி, அடுப்படி, தண்ணீர்த் தொட்டி, ஒன்று பாக்கியில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. தேடித் தேடிக் களைத்து, வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். "நிக்கிற வண்டிய யாரும் பாக்கறதில்ல" என்றார், யாரிடமோ. சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. அடுத்த நாளும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் மூட்டைக்குள் கையை விட்டு ஸ்பேனரை எடுத்துவந்து, ஜன்னல் திட்டில் அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். அவர் பார்த்தார். "இங்கதான் வச்சேன், பாரு!" என்று எழுந்து போனார்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பினாள். "ஒளிக்கறதெல்லாம் வேண்டாம் அண்ணே. அவரு முறுக்கினதை நான் தளத்திடறேன். எப்படின்னு மட்டும் காட்டுங்க" என்றாள்.

மெக்கானிக் காட்டினார். மேல் நட்டு, கீழ் நட்டு, எந்தப் பக்கம் திருகினால் இறுகும், எந்தப் பக்கம் தளரும், எல்லாம். கேபிளைச் சரியாக ஐந்தில் நிற்க வைத்துவிட்டு, "கீழ் நட்டு இந்த இடத்துக்கு வரணும் அண்ணி. முறுக்குனா நட்டுக்கு மேல கம்பி ஜாஸ்தி நீட்டிட்டு நிக்கும். மேல் நட்டைக் கழட்டிட்டுப் பாத்தாத் தெரியும்" என்றார். கண்ணளவு தெரிந்த கை அவளுடையது. ஆனாலும் இது சட்டை இல்லையே, தவறினால் பிரித்துத் தைக்க. இஞ்ச் டேப் அந்த இடுக்கில் நுழையவில்லை. மெஷின் டிராயரைத் துழாவி, அவருடைய பழைய கம்பெனிச் சட்டையின் நீலப் பட்டன் ஒன்றை எடுத்து, நட்டின் மேல் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தாள். கம்பி நுனியும் பட்டன் விளிம்பும் அச்சு அசலாய் ஒரே உயரம். மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் காலையில் ஒருவர் இறுக்கினார், மாலையில் ஒருத்தி தளர்த்தினாள். அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, கல் வைக்கப் போகிற சாக்கில் போவாள். கல்லை வைத்துவிட்டுக் காருக்குள் நுழைந்து, நட்டைத் தளர்த்தி, பட்டனை நிறுத்திப் பார்த்து, உறையை மூடிவிட்டு, கியரை ரிவர்ஸில் தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். தைக்கக் கொடுத்தவர்கள் சட்டையில் கிரீஸ் கறை பட்டிருப்பதாக முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள். காலையில் ஜன்னல் வழியே பார்த்தால், அவர் கல்லை எத்திவிட்டு உள்ளே ஏறி, லீவரை இழுத்துவிட்டுக் கியரை நியூட்ரலில் போட்டு, லீவர் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் நோயே இருக்காது. அது போதும் அவளுக்கு.

மகள் வந்தாள். வந்தவள் எல்லாவற்றையும் பார்த்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பேச்சை எடுத்துவிட்டாள்.

"அம்மா, வண்டிய வித்துடலாம்மா. வீட்ல ஓட்டறதுக்கு ஆளும் இல்ல. அப்பா அதுக்குள்ள உக்காந்து என்னத்தையாவது பண்ணி, கீழ அந்தப் புள்ளைங்க மேல போய் விழுந்தா?"

"நான் பாத்துக்கறேன்."

"நீ என்னத்தப் பாத்துப்ப? நீ தைப்பியா, சமைப்பியா, இவரைப் பாப்பியா, இதுல பிரேக்கு வேற பாப்பியா?"

தையல்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்துவிட்டுத்தான் பேசினாள். "உன் பேரு அவருக்கு ரெண்டு நாளா ஞாபகம் வரல. உனக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு பாப்பா, பாப்பான்னு கூப்பிட்டுச் சமாளிக்கறாரு. கவனிச்சியா? என் பேரும் ஒரு நாளைக்கு இருக்கு, ஒரு நாளைக்கு இல்ல. அந்த லீவர் ஒண்ணுதான்டி அவருக்கு இன்னும் மறக்கல. அதைப் பிடிக்கிறப்பதான் அவரு ரொட்டிக்காரரு. அதையும் எடுத்துட்டா அப்புறம் அவரு யாரு?"

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவரு கை அதுல படுற வரைக்கும் வண்டி இருக்கட்டும். அவரு அதைத் தொடாம விட்ட அன்னைக்கு நானே உனக்கு போன் பண்றேன். அப்ப ஆளை அனுப்பு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அந்த வாக்கோடு மகள் ஊருக்குப் போனாள்.

தவறு நடந்தது பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில். யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கச் சொல்லி வீட்டில் துணி மலை மாதிரி குவிந்துவிட்டது. மெஷின், தரை, நாற்காலி, எங்கு பார்த்தாலும் நீலச் சட்டை, நீலப் பட்டன். அன்று மாலை அவசர அவசரமாக டிராயரிலிருந்து பட்டனை எடுத்துக்கொண்டு போனாள். நட்டைத் தளர்த்தினாள். பட்டனை நிறுத்திப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது. தளர்த்தினாள். இன்னும் கொஞ்சம். இன்றைக்கு மனிதர் ரொம்பத்தான் முறுக்கிவிட்டார் போலிருக்கிறது என்று அலுத்துக்கொண்டே பட்டன் உயரத்துக்குக் கொண்டுவந்து விட்டு, அடுப்பில் வைத்தது நினைவுக்கு வர, லீவரைக் கூட இழுத்துப் பார்க்காமல் ஓடி வந்துவிட்டாள்.

காலையில் ரொட்டிக்காரர் வழக்கம்போலக் கல்லை எத்தினார், உள்ளே ஏறினார், லீவரை இழுத்தார், நியூட்ரலில் போட்டார். அவள் மெஷினிலிருந்து தற்செயலாகத்தான் தலை தூக்கினாள். ஜன்னலில் கார் தெரிந்தது. பிறகு காரின் பின்பாதி மட்டும் தெரிந்தது. பிறகு சுவர்தான் தெரிந்தது.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கார் அடுத்த வீட்டு வாசலைத் தாண்டி நின்றிருந்தது. கீழே முச்சந்தியில் பிள்ளைகள் வழக்கம்போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரொட்டிக்காரர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைச் சுவரை விட்டு ஒடித்துப் பிடித்துக்கொண்டு, கால் பிரேக்கின் மேல் ஏறி நிற்பது போல அழுத்திக்கொண்டிருந்தார். தலை மறந்தாலும் கால் மறக்கவில்லை. அவள் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய்ச் சக்கரத்துக்கு அடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து பாத்தேனே" என்றார். "பாத்தேன்ல? இல்ல, பாக்கலையா நான்?"

"பாத்தீங்க. நல்லாத்தான் பாத்தீங்க."

"அப்புறம் எப்படி நகரும்? என் வண்டி நகராதே." காய்ப்பு இருந்த உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை போயிடுச்சு ஊசி. என் கை போயிடுச்சு."

அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். யாரோ அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள், யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். மெக்கானிக் வந்து கேபிளைச் சரியாக்கி, காரை ஏற்றிப் பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போனார். அன்று மாலை அவள் டிராயரைத் தரையில் கவிழ்த்துத் தேடினாள். கம்பெனிச் சட்டையின் பட்டன் ஒரு நூல்கண்டுக்குள் சிக்கிக் கிடந்தது. முந்தின நாள் அவள் எடுத்துப் போனது ஏதோ ஒரு சின்னப் பிள்ளையின் சட்டைப் பட்டன். அதே நீலம், அதே நாலு ஓட்டை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒன்று சிறிசு என்று தெரிந்தது. பட்டனோடு பழகிய ஜென்மம், பட்டனில் போய் ஏமாந்தாளே! தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவரிடம் போய்ச் சொன்னால் என்ன? நான்தான் தளர்த்தினேன் என்றால், ஏன் தளர்த்தினாய் என்பார். நீங்கள் தினமும் முறுக்குகிறீர்கள், அது உங்களுக்கு நினைவில்லை என்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் எதை மறைக்கப் பாடுபட்டாளோ, அதையே சொல்ல வேண்டும். சொல்லவில்லை. பழி அவர் தலையில் போய் உட்கார்ந்தது, உட்காரட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த ஒன்று அவளைத் தின்றது.

அதற்குப் பிறகும் சில நாள் அவர் ஸ்பேனரோடு போனார். உள்ளே ஏறாமல் காரைச் சுற்றி வந்துவிட்டுத் திரும்பினார். அத்தனை நாளும் காருக்குள் போகாத அவள், ஒரு மாலை போய் மேல் நட்டைக் கழற்றி, சரியான பட்டனை நிறுத்திப் பார்த்தாள். கம்பியும் பட்டனும் ஒரே உயரம். தளர்த்த ஒன்றுமே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதே உயரம். மெக்கானிக் சரியாக்கி விட்டது விட்டபடியே இருந்தது. அந்தக் காலைக்குப் பிறகு அவர் தொடவே இல்லை.

மறுநாளும் தொடவில்லை. மகள் போனில் கேட்டாள்: "அப்பா பிரேக்குப் பாத்தாராம்மா?"

"பாத்தாரு, பாத்தாரு" என்றாள் தையல்காரி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னாள்.

மறந்துவிட்டாரா, பயந்துவிட்டாரா என்றுதான் அவள் மண்டையைக் குடைந்தது. மறந்திருந்தால் அது நோய் செய்தது. பயந்திருந்தால் அது அவள் செய்தது. மூன்றாம் நாள் காலையில் ஒரு யோசனை தோன்றியது. சத்தம் கேட்டால் வருவாரோ? ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் அவர் இடத்தில் உட்கார்ந்தாள். கல் சுவரோரம் கிடந்தது. அன்று காலை அவளே எடுத்துப் போட்டிருந்தாள், எல்லாம் வழக்கம்போல இருக்கட்டும் என்று. கியரை மட்டும் தொடவில்லை, அது ரிவர்ஸில்தான் இருந்தது. லீவரை இறக்கி, மெல்ல இழுத்தாள். கடக், கடக், கடக், கடக், கடக். இறக்கினாள். மறுபடி இழுத்தாள்.

கதவு திறந்தது. ரொட்டிக்காரர் படியிறங்கி வந்தார். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. அவர் கார் ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்து, அவள் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தார், உறை கழற்றிய லீவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஒர்க் ஷாப்புலேருந்து வர்றீங்களாம்மா?" என்றார் மரியாதையாக.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நல்லாப் பாருங்க. அஞ்சுல நிக்கணும். அவசரப்பட்டுப் பாக்காதீங்க, காதால கேட்டுப் பாக்கணும். முன்னாடி நான்தான் பாத்துட்டிருந்தேன். இப்பத் தொடறதில்ல."

"ஏங்க தொடறதில்ல?"

அவர் தெருவின் கீழே பார்த்தார். "ஒரு நாளு நகந்துடுச்சும்மா. என் தப்புதான். வண்டி போனாப் போகுது, எங்க வீட்டுக்காரி ஓடி வந்தா பாருங்க, கல்லைத் தூக்கிக்கிட்டு... அவ மூஞ்சில ரத்தமே இல்ல. அவளை அப்படி நான் பாத்ததே இல்ல. போதும்டா சாமின்னு விட்டுட்டேன்."

குளித்தது மறந்து போயிற்று, சாப்பிட்டது மறந்து போயிற்று, பெற்ற மகளின் பெயர் மறந்து போயிற்று. எதிரில் உட்கார்ந்திருக்கிறவள் யார் என்று தெரியவில்லை. அந்த ஒரு காலை மட்டும் மறக்கவில்லை அவருக்கு. அவள் பொறுக்கமாட்டாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது உங்க தப்பு இல்லீங்க. நான்தான். பட்டனை மாத்தி எடுத்துட்டேன். சின்னப் பட்டனை வச்சுட்டேன்."

"பட்டனா?" ரொட்டிக்காரர் சிரித்தார். பழைய கிண்டல் அப்படியே இருந்தது அந்தச் சிரிப்பில். "ஹேண்ட்பிரேக்குல ஏதும்மா பட்டன்? யாரும்மா உங்களுக்கு வேலை கத்துக் கொடுத்தது?" பிடித்த கையை நாசூக்காக விடுவித்துக்கொண்டு, ஆறுதலாக அவள் தோளில் தட்டினார். "பரவாயில்ல, அழாதீங்க. பழகப் பழக வந்துடும்."

போகத் திரும்பியவர் நின்றார். சுவரோரம் கிடந்த கல் அவர் கண்ணில் பட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கி, முன் சக்கரத்துக்கு அடியில் வைத்து, காலால் நன்றாக அழுத்திச் சொருகினார். நிமிர்ந்து மூச்சு வாங்கினார்.

"பிரேக்கு நிக்கும், அது எனக்குத் தெரியும். ஆனா இவ இருக்காளே, கல்லு இல்லைன்னா தூங்க மாட்டா" என்று சொல்லிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே படியேறி உள்ளே போனார்.

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. முன்னறையில், அடுப்படியில், பின்பக்கத்தில் என்று நகர்ந்து நகர்ந்து கேட்டது. "ஊசி! ஏ ஊசி! கல்லு வச்சாச்சு. பயப்படாத. எங்க போயிட்ட?"

"இங்கதாங்க இருக்கேன்" என்றாள் காருக்குள்ளிருந்து. சத்தம் சரியாக வரவில்லை. மறுபடி சொன்னாள்.

லீவரை ஐந்தில் நிறுத்தினாள். உறையை மூடி, பட்டனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்து முடித்த பிறகு மகளுக்கு போன் செய்தாள்.

"ஆளை அனுப்பு. வண்டிய எடுத்துக்கட்டும்."

மறுமுனையில் மகள் அழுகிறாள் என்று தெரிந்தது. "அப்பா என்னம்மா பண்றாரு?" என்று கேட்டாள்.

"கல்லு வச்சுட்டு வந்து உக்காந்திருக்காரு."

"யாரு, அப்பாவா? அப்பாவா கல்லு வச்சாரு?"

"ஆமாடி" என்றாள் தையல்காரி. "அப்பாதான் வச்சாரு."